நர்சரியில் வாங்கிய மஞ்சள் கரிசலாங்கண்ணி அதுதானா? அத்தை சமைக்க மாட்டேன் என்கிறார்

மாடிச்செடி
வணக்கம். போன மாதம் ஒரு நர்சரியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று கேட்டு ஒரு பை வாங்கி வந்தேன். மாடியில் வைத்த ஒரே மாதத்தில் தொட்டியைத் தாண்டி, பக்கத்துத் தொட்டிக்குள் இறங்கி, அங்கேயும் வேர் விட்டுவிட்டது. நேற்று கூட்டு வைக்கலாம் என்று ஒரு கை பறித்துக்கொண்டு கீழே போனேன். அத்தை (கணவரின் அம்மா, தஞ்சாவூர்ப் பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவர்) ஒரு இலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது அது இல்ல, நான் அடுப்புல வைக்க மாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். ஏன் என்று கேட்டால் "பார்த்தாலே தெரியலையா" என்கிறார். எனக்குத் தெரியவில்லை, அதுதான் பிரச்சினை. பூ நல்ல தங்க மஞ்சள், டெய்சி மாதிரி. இலை பளபளவென்று இருக்கிறது. செயலியில் படம் எடுத்துப் போட்டால் காலையில் ஒரு பெயர் சொல்கிறது, மாலையில் வேறு சொல்கிறது. யாராவது உறுதியாகச் சொல்ல முடியுமா?

அரைக்கீரை
அதேதான், சந்தேகமே வேண்டாம். மஞ்சள் பூ, படர்கிற தண்டு, கணுவுக்குக் கணு வேர். எங்கள் வீட்டிலும் இருக்கிறது, பருப்போடு சேர்த்து வாரம் ஒரு நாள். அத்தையைச் சமாதானப்படுத்துங்கள்.

வரப்போரம்
அரைக்கீரை, கொஞ்சம் பொறுங்கள். "மஞ்சள் பூ, படர்கிற தண்டு" என்பதை வைத்து இந்தக் குடும்பத்தில் எதையும் முடிவு செய்ய முடியாது. சூரியகாந்தி, சாமந்தி, கேந்தி, கரிசலாங்கண்ணி, பார்த்தீனியம் எல்லாம் ஒரே குடும்பம். உலகம் முழுக்க 30,000 இனங்களுக்கு மேல் இருக்கின்றன, அதில் பாதிக்கு மஞ்சள் பூதானோ என்று களத்தில் நிற்கும்போது தோன்றும்.

மாடிச்செடி, இரண்டு விஷயம் சொல்லுங்கள். இலை நீளமாக, கரண்டிக் காம்பு போல ஒடுங்கி, விளிம்பு ஏறக்குறைய நேராக இருக்கிறதா? அல்லது நடுவில் ஒரு மடல், பக்கத்துக்கு ஒரு மடல் என்று மூன்றாகப் பிரிந்த மாதிரி, கரடுமுரடான பற்களோடு இருக்கிறதா? அடுத்து, இலையைத் தடவினால் சொரசொரப்பா, வழவழப்பா? ஒரு இலையை மட்டும் பார்க்காதீர்கள், பத்து இலையைப் பாருங்கள். இளம் இலை ஏமாற்றும்.

பளபளப்பு என்று நீங்கள் சொன்னதுமே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நெடுஞ்சாலை நடுத்தடுப்பிலும், அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலிலும் தரை மூடியாக வைக்கிறார்களே ஒரு மஞ்சள் டெய்சி, அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சிரமஞ்சரி
இருபத்தெட்டு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியவள் என்ற உரிமையில் நுழைகிறேன். பெயரைப் பார்த்தே தெரிந்திருக்கும், என் பித்து எதில் என்று.

மாடிச்செடி, இலைக்குப் போகும் முன் ஒரு பூவைப் பறித்துக் கையில் வையுங்கள். நீங்கள் "பூ" என்று நினைப்பது பூ இல்லை, ஒரு கூட்டம். அதைத்தான் சிரமஞ்சரி என்கிறோம். வெளியே இதழ் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றும் தனி மலர், கதிர் மலர். நடுவில் மஞ்சள் பொத்தான் மாதிரி இருப்பதில் பத்து, இருபது, சூரியகாந்தியில் நூற்றுக்கணக்கு, குட்டிக் குட்டி வட்டத்தட்டு மலர்கள். அடியில் பச்சையாகச் சுற்றி நிற்பதை எல்லோரும் புல்லி இதழ் என்பார்கள், அதுவும் தவறு. அது மொத்தக் கூட்டத்துக்கும் சேர்த்துப் போட்ட வேலி, பூவடிச் செதில்கள். ஒவ்வொரு குட்டி மலருக்கும் உரிய புல்லி வட்டம் மயிராகவோ செதிலாகவோ சுருங்கிப் போயிருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. அதற்கு பாப்பஸ் என்று பெயர். காற்றில் பஞ்சு போலப் பறந்து வருமே, அதுதான்.

இப்போது பிளேடால் தலையை நெடுக்காக இரண்டாக வெட்டுங்கள். குண்டூசியால் ஒரு வட்டத்தட்டு மலரை நெம்பி எடுங்கள். கைப்பேசிக் கேமராவின் முன்னால் லென்ஸ் வைத்தாலே போதும், நுண்ணோக்கி வேண்டாம். ஐந்து மகரந்தப்பைகளும் ஒட்டி ஒரு குழாயாக இருக்கும், அதற்கு நடுவே சூல்தண்டு பிஸ்டன் மாதிரி ஏறி மகரந்தத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சூற்பை கீழே இருக்கும். இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் குடும்பம் நிச்சயம். வாடாமல்லியைப் பார்த்து "இதுவும் சாமந்தி வகைதானே மிஸ்" என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். உருண்டைத் தலை இருக்கிறதே தவிர, உள்ளே இந்தக் குழாயும் இல்லை, கீழ்ச் சூற்பையும் இல்லை. அது கீரைத்தண்டின் சொந்தக்காரர்.

அப்புறம் பார்க்க வேண்டியது: வட்டத்தட்டு மலர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிறு செதில் ஒன்று காவல் நிற்கிறதா? இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா? இரண்டும் ஆமாம் என்றால் சூரியகாந்திப் பக்கத்து உறவு. இரண்டு கரிசலாங்கண்ணியும் அங்கேதான். தண்டை ஒடித்தால் பால் வந்து, எல்லா மலர்களும் நாக்கு வடிவில், நுனியில் ஐந்து பல்லோடு இருந்தால் அது லெட்யூஸ் கூட்டம். நம் கதிர் மலர்களில் பெரும்பாலும் மூன்று பல்தான் இருக்கும். எண்ணிப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.

மாடிச்செடி
டீச்சர், இதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் மேசை மேல் இருந்த ஜெர்பராவைப் பிய்த்துவிட்டேன், பக்கத்து இருக்கைக்காரர் முறைக்கிறார். வீட்டுக்குப் போய் அந்தச் செடியைப் பார்த்துச் சொல்கிறேன்.

அதுவரை இன்னொரு சந்தேகம். பக்கத்து வீட்டு அக்கா "மஞ்சள் கிடைக்காவிட்டால் வெள்ளைக் கரிசலாங்கண்ணி எங்கள் காலி மனையில் காடாகக் கிடக்கிறது" என்று காட்டினார். அதைப் பார்த்தால் நாங்கள் சின்ன வயதில் "தாத்தா தலையைக் கொடு" என்று சொல்லிச் சுண்டி விளையாடும் பூ மாதிரியே இருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா?

வரப்போரம்
ஒன்று இல்லை! சுண்டி விளையாடியது டிரைடாக்ஸ், வெட்டுக்காயப் பூண்டு. எங்கள் பக்கம் மூக்குத்திப் பூ என்றும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெயரை இன்னும் நாலைந்து செடிக்கும் வைத்திருக்கிறார்கள், ஆகவே நம்பாதீர்கள்.

வித்தியாசம் எளிது. தாத்தா பூவுக்குக் காம்பு நீளம், ஒரு சாணுக்கும் மேலே ஒற்றையாக நிமிர்ந்து நிற்கும் (அதனால்தான் தலையைச் சுண்ட முடிகிறது). கதிர் மலர்கள் ஐந்தாறுதான், வெளிர் நிறம், நுனியில் மூன்று பல் தெளிவாகத் தெரியும். நடு மஞ்சள். கரிசலாங்கண்ணிக்குக் காம்பு குட்டை, இலைக் கக்கத்தில் ஒன்றோ இரண்டோ உட்கார்ந்திருக்கும். கதிர் மலர்கள் மெல்லிய வெள்ளை நூல் மாதிரி நிறைய. நடுவும் வெள்ளைதான், மஞ்சள் இல்லை. இலை ஈட்டி மாதிரி நீண்டு, சொரசொரவென்று இருக்கும். தாத்தா பூவின் இலை அகலம், பல் வெட்டியிருக்கும்.

பூ இல்லாத சமயத்தில் காய்ந்த தலையை ஊதுங்கள். பஞ்சு பறந்தால் தாத்தா. பறக்காமல் பச்சைப் பொத்தான் போல விதைகள் நெருக்கிக்கொண்டு இருந்தால் கரிசலாங்கண்ணி. அதற்கு பாப்பஸ் கிட்டத்தட்ட இல்லை.

இடமும் ஒரு சாட்சி. காய்ந்த காலி மனையில் காடாகக் கிடப்பது கரிசலாங்கண்ணியாக இருக்க வாய்ப்பு குறைவு. அது ஈரம் தேடும் செடி. வாய்க்கால் கரை, நெல் வயல் வரப்பு, தண்ணீர்க் குழாயடி.

கடைசிச் சோதனை எங்கள் அப்பத்தா செய்வது. இளம் தண்டைக் கிள்ளிச் சாற்றை உள்ளங்கையில் தேய்த்துக் கொஞ்ச நேரம் விடுங்கள். கருமை ஏறும். பெயரிலேயே கரி இருக்கிறதே.

கோவைத்தூறல்
காலி மனை என்றதும் வயிறு எரிகிறது, இழை திசை மாறினால் மன்னியுங்கள். அந்த அக்கா காட்டியது பார்த்தீனியம் இல்லை என்று உறுதி செய்துகொண்டீர்களா? வெள்ளைக் குட்டிப் பூ, காலி மனை, காடு. மூன்றும் பொருந்துகிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் இடம், உரிமையாளர் வெளிநாட்டில். மழை விட்டு இரண்டு வாரத்தில் இடுப்பளவு வளர்ந்து நிற்கும். முதல் முறை கையுறை போடாமல் பிடுங்கியதன் விலை, கழுத்தும் கண்ணிமையும் வீங்கி, மூன்று மாதம் முழுக்கைச் சட்டை. தோல் மருத்துவர் செடியைத் தொடவே வேண்டாம், காற்றில் வருவதே போதும் என்றார். நிர்வாகத்துக்குப் புகார் எழுதினேன், ஒரு நாள் வந்து மேலாக வெட்டிவிட்டுப் போனார்கள். அதுவும் விதை கொட்டிய பிறகு.

வரப்போரம்
நல்ல கேள்வி, நான் சொல்லியிருக்க வேண்டும். பார்த்தீனியத்தின் இலை கேரட் தழை மாதிரி ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும், தண்டில் மாறி மாறி வரும். கரிசலாங்கண்ணி, டிரைடாக்ஸ் இரண்டிலும் இலை எதிரெதிர். பார்த்தீனியத்தின் தலை மிளகை விடக் கொஞ்சம் பெரிது, ஐந்து மூலை உள்ள வெள்ளைப் பொத்தான். அந்த ஐந்து மூலைதான் ஐந்து கதிர் மலர்கள், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். விதை பிடிப்பது அந்த ஐந்திலும்தான். தலைக்கு ஐந்து என்றால் குறைவாகத் தோன்றும், ஆனால் ஒரு செடியில் எத்தனை தலை என்று எண்ணிப் பாருங்கள்.

மெக்சிகோப் பக்கத்துச் செடி. இங்கே 1950களின் நடுவில் புனேயில் கண்டுபிடித்தார்கள், அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்பது பரவலான பேச்சு. தோலைப் பாதிப்பது பார்த்தீனின் என்ற பொருள். இதைத் தின்ன மெக்சிகோவிலிருந்தே ஒரு வண்டை வரவழைத்து 1984இல் பெங்களூரில் விட்டார்கள். மழைக்காலத்தில் இலையைச் சல்லடையாக்குகிறது, பார்க்க ஆனந்தமாக இருக்கும். ஆனால் கோடையில் மண்ணுக்குள் போய்த் தூங்கிவிடும், செடி தூங்குவதில்லை. பூக்கும் முன் பிடுங்க வேண்டும், கையுறையோடு.

நல்லூரான்
யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கட பக்கம் வெள்ளைப் பூக்காரனுக்குக் கையாந்தகரை என்றுதான் பெயர், அம்மம்மா தேங்காயெண்ணெயில் காய்ச்சித் தலைக்கு வைப்பா. சிங்களத்தில் கீகிரிந்திய. கரிசலாங்கண்ணி என்ற சொல்லை நான் சென்னைக்குப் படிக்க வந்த பிறகுதான் கேட்டேன், அது வேறு செடி என்றே ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். மாடிச்செடி சொல்லுகிற அந்தப் பளபளப்பு மஞ்சள் பூ கொழும்பில் சாலையோரமெல்லாம் கிடக்குது. அதை ஒருவரும் கறிக்குப் பிடுங்கி நான் கண்டதில்லை.

அரைக்கீரை
சரி, நான் ஒன்று கேட்கிறேன், யாரும் சண்டைக்கு வராதீர்கள். தமிழ்ப் பெயர் ஊருக்கு ஒன்று, நம்ப முடியாது என்கிறீர்கள். அறிவியல் பெயர் மட்டும் என்ன ஒழுங்கு? மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று தேடினால் ஒரு பக்கத்தில் வெடேலியா காலெண்டுலேசியா, இன்னொன்றில் வெடேலியா சைனென்சிஸ், மூன்றாவதில் வாயில் நுழையாத ஸ்ஃபக்னெட்டிகோலா. வெள்ளையும் எக்லிப்டா ஆல்பாவா, புரோஸ்ட்ரேட்டாவா? ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டே இருந்தால் எளிய மனிதன் என்ன செய்வான்?

சிரமஞ்சரி
கோபம் நியாயம்தான். ஆனால் ஊருக்கு ஒரு பெயர் என்பதும் இதுவும் ஒன்றல்ல. இங்கே ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுதி வைத்திருக்கிறார்கள், பழைய பெயரிலிருந்து புதியதற்குப் போக வழி இருக்கிறது. வெள்ளையை, செடிகளுக்கு இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1753இல் ஆல்பா என்றும் புரோஸ்ட்ரேட்டா என்றும் இரண்டு செடியாக எழுதிவிட்டார். இரண்டும் ஒன்றுதான் என்று ஆன பிறகு புரோஸ்ட்ரேட்டா நிலைத்தது. மருந்துச் சீட்டுகளில் இன்னும் ஆல்பா ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். மஞ்சளையும் அதன் பளபளப்பு உறவையும் வெடேலியாவிலிருந்து பிரித்து ஸ்ஃபக்னெட்டிகோலாவில் வைத்தது 1990களில்.

குடும்பத்துக்கே இரண்டு பெயர் தெரியுமா? கம்பாசிட்டே, ஆஸ்டரேசி, இரண்டும் இன்றைக்கும் செல்லும். பெயரிடும் விதியே அந்தச் சலுகையைக் கொடுக்கிறது. எங்கள் காலத்துப் பாடத்தில் முதல் பெயர், ஓய்வு பெறும்போது இரண்டாவது.

பூக்கடைச் செவ்வந்தி கதை இன்னும் வேடிக்கை. அதைக் கிரைசாந்திமம் இல்லை, டென்ட்ரான்திமா என்று மாற்றிவிட்டு, தோட்டக்காரர்கள் போட்ட கூச்சலில் 1990களில் பழைய பெயரையே திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆனால் மாறாததும் இருக்கிறது. காசினி என்று ஒரு பிரெஞ்சுக்காரர், 1832இல் இறந்தவர், வெறும் லென்ஸை வைத்து சூல்தண்டின் நுனி எப்படிப் பிளக்கிறது, மகரந்தப்பையின் அடி எப்படி இருக்கிறது என்று பார்த்து இந்தக் குடும்பத்தை டிரைப்களாக, அதாவது குடும்பத்துக்குள் இருக்கும் உறவுக் கூட்டங்களாக, பிரித்தார். அதில் பெரும்பகுதி இன்றைக்கும் நிற்கிறது. 1987இல் ஜான்சன், பாமர் என்ற இருவர் பசுங்கணிகத்தின் டிஎன்ஏவை ஆராய்ந்தபோது, குடும்பம் முழுவதிலும் சுமார் 22,000 எழுத்து நீளத் துண்டு ஒன்று தலைகீழாகத் திரும்பியிருப்பதைக் கண்டார்கள். தென் அமெரிக்காவின் ஒரு சின்னக் கூட்டத்தில் மட்டும் அது திரும்பவில்லை. அந்தக் கூட்டம்தான் மற்றவர்கள் எல்லோருக்கும் முன்னே பிரிந்த கிளை என்று அப்போது தெரிந்தது. கதிர் மலர் இருக்கிறதா, பூ என்ன நிறம் என்பதை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் இது ஒருநாளும் கிடைத்திருக்காது. ஏனென்றால் கதிர் மலர் இந்தக் குடும்பத்தில் பல முறை தோன்றியும் மறைந்தும் இருக்கிறது. நிறம் அதைவிட மோசம். பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது: நிறத்தைக் கடைசியில் எழுது.

மாடிச்செடி
வந்துவிட்டேன். பிளேடு, குண்டூசி, மகனின் பூதக்கண்ணாடி, எல்லாம் வைத்து மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம். நீங்கள் சொன்னபடியே எழுதுகிறேன், நிறம் கடைசியில்.

இலை எதிரெதிர். பத்து இலை பார்த்தேன், ஏழில் பக்கத்துக்கு ஒரு மடல் தெளிவாக இருக்கிறது, மூன்று இளம் இலையில் இல்லை, பற்கள் மட்டும். மேல்பக்கம் கரும்பச்சை, வழவழப்பு, கொஞ்சம் தடிப்பு. தலை ஒற்றையாக நீளக் காம்பில். அடிச் செதில்கள் இலை மாதிரிப் பெரிதாக இருக்கின்றன. கதிர் மலர் எட்டு, நுனியில் மூன்று பல் (ஒன்றில் இரண்டு). வட்டத்தட்டு மலர்களுக்கு நடுவே காவல் செதில் இருக்கிறது. ஒட்டிய மகரந்தக் குழாயைப் பார்த்துவிட்டேன் டீச்சர்!! ஒன்றில் சூல்தண்டு பாதி வழியில் மகரந்தத்தைத் தலையில் சுமந்துகொண்டு நின்றது. பாப்பஸ் என்று பறக்கிற எதுவும் இல்லை, விதையின் தலையில் சின்னக் கிண்ண விளிம்பு போல ஏதோ இருக்கிறது. நிறம் ஆரஞ்சு கலந்த மஞ்சள்.

வரப்போரம்
தீர்ந்தது. ஸ்ஃபக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. பெயரின் பொருளே மூன்று மடல். சிங்கப்பூர் டெய்சி என்று விற்பார்கள், சிங்கப்பூருக்கும் அதற்கும் பூர்வீக உறவு கிடையாது, மத்திய, தென் அமெரிக்கச் செடி. உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் இனங்கள் என்று ஐயுசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) போட்ட பட்டியலில் இருக்கிறது. உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணி (சித்த மருத்துவத்தில் பொற்றலைக் கையாந்தகரை) ஸ்ஃபக்னெட்டிகோலா காலெண்டுலேசியா. இலை குறுகல், மடல் கிடையாது, விளிம்பில் இருந்தால் ஒன்றிரண்டு மழுங்கின பல், தடவினால் சொரசொரப்பு. உங்கள் அத்தை கண்ணால் பார்த்ததை விட விரலால் பார்த்திருக்கிறார்.

இரண்டும் நெருங்கிய உறவு என்பதால் ஏமாறுவது சுலபம். தென் சீனாவில் இரண்டும் கலந்து கலப்பினமே உண்டாகியிருக்கிறது.

சிரமஞ்சரி
சமைப்பது பற்றி: இந்த மூன்று மடல்காரனைக் கீரையாகச் சாப்பிட்டுப் பழகிய மரபு நம்மிடம் இல்லை. உறவினர் நல்லவர் என்பதற்காக இவரை இலையில் போட வேண்டாம். கரிசலாங்கண்ணி இரண்டிலிருந்தும் வெடெலோலாக்டோன் என்ற பொருளைப் பிரித்தது 1956இல் சென்னை மாநிலக் கல்லூரியில் கோவிந்தாச்சாரி குழு. சரியான செடியைக் கையில் வைத்துக்கொண்டு செய்த வேலை அது. செடியே மாறினால் மருந்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

மிகவும் உறுதி வேண்டும் என்றால், பூவோடு ஒரு கிளையைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்தி, கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவீட்டு நிறுவனத்திலோ, திருச்சியில் இராபினாட் உலர்தாவரகத்திலோ காட்டலாம். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அது தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. செய்முறைத் தேர்வாக இருந்தால் முழு மதிப்பெண்.

அரைக்கீரை
எல்லோருக்கும் வணக்கம். கீழே போய் எங்கள் வீட்டுச் செடியைப் பார்த்துவிட்டு வந்தேன். மடல் இருக்கிறது. வழவழப்பாகத்தான் இருக்கிறது. நான்கு வருடமாகப் பருப்போடு சேர்த்து... வீட்டில் இன்னும் சொல்லவில்லை. முதல் பதிலை அழிக்கலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும், என்னை மாதிரி யாராவது தேடி வந்தால் முழுதும் படிக்கட்டும். இதை எப்படித் தொலைப்பது?

வரப்போரம்
நான்கு வருடம் ஒன்றும் ஆகவில்லையே, நிம்மதியாக இருங்கள், இன்றோடு நிறுத்துங்கள். பிடுங்கியதைக் குப்பைமேட்டிலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள், ஒரு கணு மண்ணைத் தொட்டால் போதும். கம்போஸ்டிலும் பச்சையாகப் போட வேண்டாம். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி மொட்டை மாடி வெயிலில் சுருங்கி மொறமொறக்கும் வரை விடுங்கள். தொட்டி மண்ணைச் சலித்துத் தண்டுத் துண்டுகளைப் பொறுக்குங்கள், இரண்டு மாதத்துக்குத் தளிர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மாடிச்செடி
எல்லாவற்றையும் பையில் கட்டிவிட்டேன். அத்தையிடம் "நீங்கள் சொன்னதுதான் சரி" என்றதும், "அதுக்கு எதுக்குடி பிளேடு" என்றார். ஆனால் சாயங்காலம் அவரே செருப்பை மாட்டிக்கொண்டு என்னை உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கம் அழைத்துப் போனார். மஞ்சள் கிடைக்கவில்லை. வெள்ளை கிடைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். இலை ஈட்டி மாதிரி, எதிரெதிர், சொரசொரப்பு, தலை கக்கத்தில், நடுவும் வெள்ளை, பழைய தலையை ஊதினேன், எதுவும் பறக்கவில்லை. வாய்க்கால் தண்ணீர் அவ்வளவு சுத்தமில்லை, அதனால் சமைக்கவில்லை, வேரோடு ஒன்றைத் தொட்டியில் வைத்திருக்கிறேன். தண்டைக் கிள்ளி இடது உள்ளங்கையில் தேய்த்து ஐந்து நிமிடம் ஆகிறது, வலது கையால் தட்டச்சு செய்கிறேன். முதலில் பச்சையாக இருந்தது. இப்போது ஓரத்தில் கறுக்கிறது.